ஜீப்புக்குப் பிடித்த ஏழரை!

தேனி மாவட்டம், உத்தமபாளையம் தாலுகாவில் இருக்கிறது குச்சனூர். சின்னமனூரிலிருந்து வயலும் தோப்புமாகக் கொஞ்ச தூரம் போனால் சுரபி நதிக்கரை. அங்கே சுயம்புவாக எழுந்தருளியிருக்கிறார் சனீஸ்வர பகவான். மற்ற ஊர்களில் நவக்கிரகங்களோடு ஓரமாக நிற்கிறவர், இங்கே தனிக் கோயில் கட்டிக்கொண்டு ராஜாவாக இருக்கிறார். ஆடி மாதச் சனிக்கிழமைகளில் வந்து பாருங்கள். ஏழரைச் சனிக்காரர்கள், அஷ்டமத்துச் சனிக்காரர்கள், 'எதற்கும் இருக்கட்டுமே' என்று முன்ஜாமீன் எடுக்க வந்தவர்கள்... ஊர் கொள்ளாது!

பஸ், வேன், கார், டூ வீலர் என்று வந்து நிற்கிற வாகனக் கூட்டத்தில், தேனிப் பக்கத்துக்கே உரிய ஒரு ஜாதி உண்டு. ஜீப்! அந்த ஜீப்காரர்களிடம் "லிட்டருக்கு எவ்வளவு குடுக்குது?" என்று கேட்டுப் பாருங்கள். பழைய வண்டியாக இருந்து, முழு லோடோடு மலை ஏறுகிற வண்டியாகவும் இருந்தால் பதில் அநேகமாக இப்படி வரும்:

"ஏழரைண்ணே!"

மனுஷனுக்குப் பிடித்தால் எள் தீபம் போடலாம். ஜீப்புக்குப் பிடித்தால்?

'அதற்கும் பரிகாரம் இருக்கிறது சார்' என்று ஒரு கோஷ்டி கிளம்பியிருக்கிறது. இன்ஜின் ட்யூனர், ட்யூனிங் பாக்ஸ், சிப், ரீமேப் என்று விதவிதமான பெயர்கள். 'மாட்டுங்க, மைலேஜ் எகிறும்' என்பது வாக்குறுதி. எகிறுமா, எகிறாதா? பர்ஸைத் திறப்பதற்கு முன்னால் பானெட்டைத் திறந்து பார்த்துவிடுவோம், வாருங்கள்.

ஜீப் என்றால் சோறு

சென்னையில் ஜீப் என்றால் போலீஸ், இல்லாவிட்டால் சினிமா வில்லன். கம்பம் பள்ளத்தாக்கில் ஜீப் என்றால் சோறு.

இந்தப் பள்ளத்தாக்கிலிருந்து கேரளாவின் இடுக்கி மாவட்டத்துக்கு ஏற மூன்று முக்கிய வழிகள். வடக்கே போடிமெட்டு, நடுவில் கம்பம்மெட்டு, தெற்கே குமுளி. மேலே ஏலக்காய்த் தோட்டங்கள். கீழே அந்தத் தோட்டங்களில் வேலை பார்க்கிற ஜனங்கள். கோழி கூவும் நேரத்தில் தூக்குவாளியோடு ஜீப்பில் ஏறினால், இருட்டுகிற நேரத்தில்தான் திரும்பி இறங்குவார்கள். பறித்த ஏலக்காய் கடைசியில் ஏலத்துக்கு வந்து சேருகிற இடங்களில் நம் போடிநாயக்கனூரும் ஒன்று. இதற்கு நடுவில் ஓடிக்கொண்டே இருப்பது ஜீப்.

ஜீப்பின் ஜாதகமும் சுவாரஸ்யமானதுதான். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க ராணுவம் ஓட்டிய வில்லிஸ் ஜீப்பை, 1940-களின் கடைசியில் மும்பையில் பூட்டி விற்க ஆரம்பித்தது மஹிந்திரா. முதலில் பெட்ரோல். பிறகு டீசல். பெஜோ டீசல் இன்ஜின், அதற்கப்புறம் டி.ஐ. என்கிற நேரடி இன்ஜெக்‌ஷன் டீசல் என்று இதயம் மாறிக்கொண்டே வந்தது. கமாண்டர், மேஜர், எம்.எம்.540 என்று பெயர்களும் மாறின. 2010-ல் 'தார்' வந்தது. 2020 அக்டோபரில் புதிய தார் வந்தபோது, ஐ.டி. கம்பெனிப் பையன்களும் பேங்க் ஊழியர்களும் ஜீப் மேல் காதல் கொண்டார்கள்.

ஆக, இன்றைக்கு இந்த மலைப்பாதையில் இரண்டு விதமான ஆட்கள் டீசலைப் பற்றிக் கவலைப்படுகிறார்கள். ஒருவர், டிரிப் அடித்து ராத்திரி வீட்டுக்கு அரிசி வாங்குகிற டிரைவர். இன்னொருவர், மாதச் சம்பளத்தில் இ.எம்.ஐ. கட்டிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை மேகமலைக்கு வண்டியை விடுகிற இளைஞர். இருவரையும் ஒன்று சேர்ப்பது பெட்ரோல் பங்க்தான். 2014 அக்டோபரில் டீசல் விலைக் கட்டுப்பாடு நீக்கப்பட்டது. 2017 ஜூன் மாதத்திலிருந்து விலையைத் தினசரி மாற்றலாம் என்றும் ஆனது. அப்புறம் கவலை வராமல் என்ன செய்யும்?

அந்துருண்டை முதல் ஆப் வரை

'அதிக மைலேஜ்' என்ற மந்திரத்துக்கு நம் ஊரில் நீண்ட பரம்பரை உண்டு.

பெட்ரோல் டேங்க்கில் அந்துருண்டை போட்ட தாத்தாக்களைத் தெரியும். எரிபொருள் குழாயைச் சுற்றிக் காந்தம் கட்டிய மாமாக்களைத் தெரியும். 1996-ல் ராஜபாளையம் பக்கத்திலிருந்து 'மூலிகை பெட்ரோல்' என்று ஒரு சேதி கிளம்பி, நாடே வாயைப் பிளந்தது. இன்றுவரை எந்த பங்க்கிலும் மூலிகைக்கென்று தனிக் குழாய் வைத்த பாடில்லை.

காந்தம், காற்றுக் குழாய்க்குள் வைக்கிற விசிறி, மாயத் திரவம் என்று இப்படிப்பட்ட சாதனங்கள் நூற்றுக்கும் மேலானவற்றை அமெரிக்க அரசின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு அமைப்பு 1970-களிலிருந்து பரிசோதித்திருக்கிறது. விரல்விட்டு எண்ணக்கூடிய சிலவற்றில்தான் ஏதோ கொஞ்சம் பலன் தெரிந்தது. சில சாதனங்கள் புகையைக் கூட்டியதுதான் மிச்சம்!

இந்தப் பரம்பரையின் கடைசி வாரிசு, ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கிற ஓ.பி.டி. சாக்கெட்டில் சொருகுகிற தீப்பெட்டி சைஸ் பிளாஸ்டிக் டப்பா. சில நூறு ரூபாய்தான். சொருகியவுடன் பச்சை விளக்கு கண்ணடிக்கும். 'உங்கள் ஓட்டும் பழக்கத்தைக் கற்றுக்கொண்டு மைலேஜைக் கூட்டும்' என்று அட்டையில் போட்டிருக்கும். இந்த ரக டப்பாக்களைப் பிரித்துப் பார்த்தவர்கள் உள்ளே கண்டது என்ன தெரியுமா? கண்ணடிக்கிற எல்.இ.டி. விளக்குகளும், அவற்றைக் கண்ணடிக்க வைக்கிற ஒரு சின்ன சிப்பும்! மற்றபடி இன்ஜினோடு அதற்குப் பேச்சு வார்த்தையே கிடையாது.

நிஜ ட்யூனர் என்ன செய்கிறது?

எல்லா ட்யூனரும் டுபாக்கூர் இல்லை. அதையும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

பழைய டீசல் ஜீப்பில் எவ்வளவு டீசல், எப்போது என்று தீர்மானிப்பது இரும்பால் ஆன பம்ப். புதிய வண்டிகளில் அந்த வேலையை இ.சி.யூ. என்கிற கம்ப்யூட்டர் செய்கிறது. எல்லா சிலிண்டருக்கும் பொதுவான ஒரு குழாயில் டீசல் ஆயிரம் பாருக்கும் மேலான அழுத்தத்தில் காத்துக்கொண்டிருக்கும். இ.சி.யூ. கண்ணைக் காட்டினால் இன்ஜெக்டர் திறந்து பீய்ச்சும். 'காமன் ரெயில்' என்பது இதுதான்.

ட்யூனிங் பாக்ஸ் என்பது இந்தக் குழாயின் அழுத்தத்தை அளக்கிற சென்சாருக்கும் இ.சி.யூ.வுக்கும் நடுவில் உட்கார்ந்துகொள்கிற ஒரு கோள்மூட்டி. நிஜத்தில் அழுத்தம் 1,200 பார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பாக்ஸ் போய், '1,100 தான் சார் இருக்கு' என்று பொய் சொல்லும். 'அடடா, குறைச்சலா இருக்கே' என்று இ.சி.யூ. அழுத்தத்தைக் கூட்டும். அதே நேர அளவில் அதிக டீசல் உள்ளே போகும். இழுவை கூடும். ஆக்ஸிலேட்டரை மிதித்தால் வண்டி துள்ளிக்கொண்டு கிளம்பும்.

கவனித்தீர்களா? அதிக டீசல் உள்ளே போவதால்தான் இழுவை! அப்புறம் மைலேஜ் எங்கிருந்து வந்தது?

இந்தக் கேள்வியை ஒரு தார்க்காரத் தம்பி மெக்கானிக்கிடம் கேட்டால் பேச்சு இப்படித்தான் போகும்:

"அண்ணே, பாக்ஸ் மாட்டினா மைலேஜ் வரும்னு சொல்றாய்ங்களே?"

"வரும் தம்பி. நீ பழைய மாதிரியே ஓட்டினா வரும்."

"பழைய மாதிரி ஓட்டுறதுக்கு எதுக்குண்ணே பாக்ஸு?"

"அதத்தேன் நானும் கேக்குறேன்!"

விஷயம் அம்புட்டுதேன். இழுவை கூடினால், முன்பு மூன்றாவது கியரில் ஏறிய மேட்டை நான்காவது கியரில் ஏறலாம். இன்ஜின் சுற்று குறையும். சுற்று குறைந்தால் உள்ளுக்குள் உராய்வில் வீணாகிற சக்தி கொஞ்சம் மிஞ்சும். ஆனால் கூடுதல் பவர் கிடைத்த கால், சும்மா இருக்குமா? நூறு பேரில் எத்தனை பேர் புது பவரை வைத்துக்கொண்டு பழைய வேகத்தில் போவார்கள்?

ரீமேப் என்பது இன்னும் ஒரு படி மேலே. லேப்டாப்பைச் சொருகி, இ.சி.யூ.வுக்குள் இருக்கும் அட்டவணைகளையே மாற்றி எழுதுவது. டீசலை ஒரு கணம் முன்னதாகப் பீய்ச்ச வைத்தால், எரிவதில் கிடைக்கும் சக்தி கொஞ்சம் கூடலாம். இதில் உண்மையிலேயே நாலு காசு மிச்சம் உண்டு.

'அப்படியானால் கம்பெனிக்காரனே செய்திருக்கலாமே, அவனுக்கென்ன கசக்கிறதா?' என்று தோன்றும். காரணம் உண்டு. முன்னதாகப் பீய்ச்சினால் உள்ளே சூடு கூடும். சூடு கூடினால் நைட்ரஜன் ஆக்ஸைடு என்கிற நச்சு வாயு கூடும். அதைச் சட்டம் விடாது. மைலேஜ் ஒரு தட்டு, புகை மறு தட்டு. இரண்டையும் பார்த்துத்தான் கம்பெனி முள்ளை நிறுத்தியிருக்கிறது. புகைச் சோதனையின்போது மட்டும் நல்ல பிள்ளையாக நடிக்கும் சாஃப்ட்வேரை எழுதித்தான் 2015-ல் ஃபோக்ஸ்வாகன் உலகம் பூராவும் மானத்தை வாங்கிக்கொண்டது. சாஃப்ட்வேரில் நாலு வரி மாறினால் இன்ஜின் குணமே மாறும் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம்.

இன்னொன்று: ரீமேப்பின் ஆட்டம் எல்லாம் டர்போ இருக்கிற இன்ஜினில்தான் எடுபடும். டர்போ இல்லாத பெட்ரோல் வண்டி என்றால், எந்த லேப்டாப்பைச் சொருகினாலும் பெரிதாக ஒன்றும் கழற்றிவிட முடியாது. காற்று எவ்வளவு உள்ளே வருகிறதோ, அவ்வளவுதான் ஆட்டம்.

மலையிடம் தள்ளுபடி கிடையாது

ஆபீஸில் கணக்குப் போடத் தெரிந்தவர்கள் ஒரு நிமிஷம் இதையும் போட்டுப் பாருங்கள்.

போடியிலிருந்து போடிமெட்டு ஏறத்தாழ 1,000 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. வண்டி, ஆட்கள், மூட்டை முடிச்சு எல்லாம் சேர்த்து 2,500 கிலோ என்று வைத்துக்கொள்வோம். இந்த எடையை அந்த உயரத்துக்குத் தூக்க ஏறத்தாழ 24.5 மெகாஜூல் சக்தி வேண்டும். ஒரு லிட்டர் டீசலில் இருப்பது சுமார் 36 மெகாஜூல். அதில் 30 சதவிகிதம் சக்கரத்துக்கு வந்து சேர்ந்தாலே இன்ஜினைப் பாராட்டலாம். மிச்சமெல்லாம் சூடாக, ரேடியேட்டர் வழியாகவும் சைலன்ஸர் வழியாகவும் போய்விடும். ஆக, தூக்குவதற்கு மட்டுமே இரண்டேகால் லிட்டர் டீசல்! டயர் உராய்வு, கொண்டை ஊசி வளைவில் பிரேக் பிடித்து மறுபடி முறுக்குவது எல்லாம் தனி பில்.

இந்த இரண்டேகால் லிட்டரை எந்த பாக்ஸும் ஒன்றரை லிட்டராக்க முடியாது. மலை அப்படியேதான் இருக்கும், எடையும் அப்படியேதான் இருக்கும்.

ஆனால் எடையை நீங்கள் குறைக்கலாம். 100 கிலோ குறைந்தால் ஒரு ஏற்றத்துக்கு 90 மில்லி மிச்சம். நம் தம்பிகள் செய்வது என்ன? முன்னால் இரும்பு பம்பர், மேலே இரும்பு கேரியர், பின்னால் இரும்பு ஏணி, காட்டுக்குள்ளேயே போகாத வண்டிக்கு வின்ச்! இதையெல்லாம் ஏற்றிவிட்டு, 'மைலேஜ் குறையுதே, ட்யூனர் போடலாமா?' என்று கேட்கிறோம்.

டயரும் அப்படியே. 29 அங்குல டயரைக் கழற்றிவிட்டு, பார்வைக்குப் பயில்வான் மாதிரி இருக்கட்டும் என்று 31 அங்குல டயர் மாட்டுகிறோம். கட்டை கட்டையாகப் பட்டன் வைத்த டயர் ரோட்டில் உருளவே அதிக சக்தி கேட்கும். அது ஒரு பக்கம். இன்னொரு பக்கம் ஒரு கணக்கு மோசடி நடக்கிறது. பெரிய டயர் ஒரு சுற்றில் அதிக தூரம் போகும். ஆனால் மீட்டருக்கு அது தெரியாது. நிஜமாக 107 கி.மீ. ஓடியிருந்தால் மீட்டர் 100 என்றுதான் காட்டும். லிட்டருக்கு 12 கொடுக்கிற வண்டி 11.2 கொடுப்பதாகத் தோன்றும். டீசல் போகவில்லை, மீட்டர் ஏமாற்றுகிறது!

ஆடிக் காத்துல அம்மியும் பறக்கும், மைலேஜும் பறக்கும்

கம்பம் பள்ளத்தாக்குக்காரர்களுக்கு ஆடிக் காற்றைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. தென்மேற்குப் பருவக்காற்று மலை இடுக்குகளில் புகுந்து பள்ளத்தாக்கில் இறங்கும்போது, நிற்கிற வாழையே நடுங்கும். தேனி மாவட்டத்தில் காற்றாலைகள் சும்மாவா நட்டு வைத்திருக்கிறார்கள்?

ஜீப் என்பது காற்றில் தள்ளிக்கொண்டு போகிற ஒரு பீரோ. காற்று எதிர்ப்பு, வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். அதாவது வேகம் இரண்டு மடங்கு ஆனால் எதிர்ப்பு நாலு மடங்கு. தேனியிலிருந்து கம்பம் நோக்கி 60 கி.மீ. வேகத்தில் போகிறீர்கள், எதிர்க்காற்று 20 கி.மீ. என்றால், ஜீப்புக்கு அது 80. திரும்பி வரும்போது காற்று முதுகில் தள்ளும், ஜீப்புக்கு அது 40. 'போகும்போது நஷ்டம், வரும்போது லாபம், சரியாப் போச்சு' என்று நினைப்போம். கணக்கு அப்படி இல்லை. 80-ன் வர்க்கம் 6,400. 40-ன் வர்க்கம் 1,600. சராசரி 4,000. காற்றில்லாத நாளில் 60-ன் வர்க்கம் 3,600 தான். போகவர இரண்டும் சேர்த்தும் காற்று எதிர்ப்பு 11 சதவிகிதம் கூடுதல்!

இங்கேதான் ட்யூனர்காரர் அறியாமலே ஜெயிக்கிறார். ஆடியில் மைலேஜ் குறைகிறது. மனசு உடைந்து ஆவணியில் பாக்ஸ் மாட்டுகிறோம். புரட்டாசியில் காற்று அடங்குகிறது. மைலேஜ் ஏறுகிறது. 'பாத்தியா, பாக்ஸ் வேலை செய்யுது!' என்று நண்பனுக்கு போன் போடுகிறோம். அவனும் ஒரு பாக்ஸ் வாங்குகிறான். காற்று செய்த வேலைக்குக் காசு வாங்கிக்கொண்டவர் வேறொருவர்.

சரி, எப்படித்தான் அளப்பது? டேஷ்போர்டில் காட்டுகிற எண்ணை நம்ப வேண்டாம். குறிப்பாக, ட்யூனிங் பாக்ஸ் மாட்டிய வண்டியில் நம்பவே வேண்டாம். இன்ஜெக்டர் எத்தனை நேரம் திறந்திருந்தது, அழுத்தம் எவ்வளவு என்று பார்த்துத்தான் இ.சி.யூ. டீசலைக் கணக்கிடுகிறது. அதற்குத்தான் பாக்ஸ் பொய் சொல்லிக்கொண்டிருக்கிறதே! 1,100 பார் என்று நினைத்துக் கணக்குப் போட்டால், செலவைக் குறைத்துத்தான் காட்டும்.

ஒரே பங்க், ஒரே குழாய், ஃபுல் டேங்க். ஓட்டுங்கள். மறுபடி அதே இடத்தில் ஃபுல் டேங்க். ஒரு நோட்டில் கிலோமீட்டரையும் லிட்டரையும் குறியுங்கள். இப்படிக் குறைந்தது ஐந்து தடவை பாக்ஸோடு, ஐந்து தடவை பாக்ஸ் இல்லாமல். அதே ரோடு, அதே லோடு, அதே டயர் காற்று, முடிந்தால் அதே மாதம். இந்த நோட்டைப் போட முடியாதவர்கள் பாக்ஸையும் போட வேண்டாம்.

பம்ப் கடைக்காரரே முதல் ட்யூனர்

பழைய டி.ஐ. ஜீப் வைத்திருப்பவர்களுக்கு லேப்டாப்பே தேவையில்லை. இவர்களுக்கு ட்யூனர் என்றால் டீசல் பம்ப் சர்வீஸ் கடைக்காரர்தான்.

மலை ஏறும்போது ஜீப் கரும்புகை கக்குகிறதா? அந்தக் கறுப்பு முழுக்க எரியாத டீசல். உங்கள் காசு, அடுத்தவர் நுரையீரல். இன்ஜெக்டர் நாஸில் தேய்ந்து, தூறலாகத் தெளிப்பதற்குப் பதில் சொட்டுச் சொட்டாக ஒழுகினால் இப்படி ஆகும். சோதனை மேஜையில் வைத்து அழுத்தம் சரி பார்த்தால் தெரிந்துவிடும். 'இழுவை பத்தல' என்று யாரோ பம்பின் சீலை உடைத்து ஸ்க்ரூவை ஏற்றி வைத்திருந்தாலும் இப்படி ஆகும். இது அந்தக் காலத்து ட்யூனிங் பாக்ஸ்!

உயரமும் ஒரு காரணம். 1,000 மீட்டர் மேலே போனால் காற்றழுத்தம் பத்து சதவிகிதத்துக்கு மேல் குறைகிறது. டர்போ இல்லாத இன்ஜினுக்குக் கிடைக்கிற காற்று குறைகிறது. பம்ப் மட்டும் கீழே கொடுத்த அதே டீசலைக் கொடுத்துக்கொண்டிருக்கும். எரிக்கக் காற்று போதாது. 'நல்லா மிதி' என்று மிதித்தால் வேகம் வராது, புகைதான் வரும். காலைக் கொஞ்சம் எடுத்துவிட்டு, ஒரு கியர் இறக்குவதே அதற்கு வைத்தியம்.

இன்னும் சில சில்லறை விஷயங்கள். சில்லறை என்றாலும் சேர்த்தால் நோட்டு.

டயரில் காற்று. காட்டுப்பாதைக்காகக் குறைத்த காற்றை ரோட்டுக்கு வந்ததும் மறக்காமல் ஏற்ற வேண்டும்.

பிரேக் ஒட்டிப் பிடிக்கிறதா? ஜாக்கி வைத்துத் தூக்கிச் சக்கரத்தைக் கையால் சுற்றினால் தெரிந்துவிடும். ஓடி நின்றதும் ஒரு சக்கரம் மட்டும் கொதித்தால், அதுதான் உங்கள் டீசல் திருடன்.

ஃபோர் வீல். தார் ரோட்டில் ஃபோர் வீல் லீவரைப் போட்டுவிட்டுக் கெத்தாகப் போவது டீசலுக்கும் கேடு, கியர் பெட்டிக்கும் கேடு. சேறு, மணல், வழுக்கல் வந்தால் மட்டும் போடுங்கள்.

ஏர் ஃபில்டர், வால்வு இடைவெளி, நழுவாத கிளட்ச். பழைய ஜீப்பின் மைலேஜ் பாதி இங்கேதான் ஒளிந்திருக்கிறது.

சும்மா நிற்கும்போது ஓடுகிற இன்ஜின். டீ சொல்லி, டீ வந்து, டீ குடித்து, டீக்கடையில் அரசியல் பேசி முடிக்கிற வரை ஓடிக்கொண்டிருக்கும் இன்ஜின், லிட்டருக்குப் பூஜ்யம் கி.மீ. கொடுக்கிறது. உலகத்திலேயே மோசமான மைலேஜ் அதுதான்.

நியூட்ரல் என்னும் எமன்

இதைச் சிரித்துக்கொண்டே எழுத முடியாது.

டீசல் மிச்சம் பிடிக்கிறேன் என்று மலை இறக்கத்தில் வண்டியை நியூட்ரலில் விடுகிற பழக்கம் சிலரிடம் இருக்கிறது. இன்னும் சில தீரர்கள் இன்ஜினையே ஆஃப் செய்வார்கள்.

உண்மை என்ன தெரியுமா? கியரில் இருக்கும்போது ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால், இறக்கத்தில் சக்கரமே இன்ஜினைச் சுற்றுகிறது. புதிய வண்டிகளில் இ.சி.யூ. அந்த நேரத்தில் டீசலை அடியோடு நிறுத்திவிடுகிறது. பழைய பம்பிலும் கவர்னர் டீசலை மூடிவிடும். நியூட்ரலில் போட்டால்தான் இன்ஜின் அணையாமல் இருக்க டீசல் குடிக்கும்! ஆக, நியூட்ரலில் மிச்சம் இல்லை, செலவு.

இன்ஜின் பிரேக் போய்விட்டால் முழுப் பாரமும் பிரேக் மேல். கொண்டை ஊசி வளைவுக்கு வளைவு பிடித்துப் பிடித்து, பிரேக் காய்ந்து, கடைசியில் பெடல் வெறும் பலகையாகிவிடும். இன்ஜினை அணைத்தால் பிரேக்குக்கு உதவுகிற வேக்குவமும் போச்சு. பவர் ஸ்டீயரிங்கும் போச்சு. பின்னால் உட்கார்ந்திருப்பவர்கள் நாள் கூலிக்குப் போய்த் திரும்புகிற பெண்கள். அரை டம்ளர் டீசலுக்காக அவர்கள் உயிரைப் பணயம் வைக்க எவருக்கும் உரிமை இல்லை. எந்தக் கியரில் ஏறினீர்களோ, அதே கியரில் இறங்குங்கள். பெரியவர்கள் சொன்ன இந்த ஒரு பாடத்துக்கு எந்த ட்யூனரும் ஈடாகாது.

ரூபாய் கணக்கு

கடைசியாக, கையைக் கடிக்கிற கணக்கு.

ஆபீஸ் போகிற தம்பி மாதம் 1,000 கி.மீ. ஓட்டுகிறார். லிட்டருக்கு 12. டீசல் 90 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ட்யூனிங் செலவு 20,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம்.

விற்பவர் சொல்கிற மாதிரியே 10 சதவிகிதம் மைலேஜ் கூடினால், மாதம் ஏழரை லிட்டர் மிச்சம். ஏறக்குறைய 680 ரூபாய். போட்ட பணம் திரும்ப 29 மாதம்.

ஒழுங்காக ஓட்டி, நிஜத்தில் 3 சதவிகிதம்தான் கூடியது என்றால்? மாதம் 218 ரூபாய். போட்ட பணம் திரும்ப ஏறக்குறைய 92 மாதம். அதாவது... ஏழரை வருஷத்துக்கும் மேலே! சனீஸ்வரர் கணக்கு எங்கே வந்து நிற்கிறது பார்த்தீர்களா?

மாதம் 3,000 கி.மீ. ஓடுகிற டிரிப் ஜீப்புக்கு இந்தக் கணக்கு கொஞ்சம் சாதகமாக இருக்கும். ஆனால் அவருக்கு வேறு பயம். அழுத்தம் கூடினால் பம்புக்கும் இன்ஜெக்டருக்கும் பாரம். இழுவை கூடினால் கிளட்சுக்குப் பாரம். புகைபோக்கிச் சூடு கூடினால் டர்போவுக்குப் பாரம். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பி.எஸ்.6 டீசல் வண்டிகளில் புகைக்கரியைப் பிடித்து வைக்கிற வடிகட்டி வேறு இருக்கிறது. கரி கூடினால் அதை எரித்துச் சுத்தம் செய்ய வண்டி தானே கூடுதல் டீசல் செலவழிக்கும். மிச்சம் பிடித்தது அந்த வழியாகப் போய்விடும். ஒரு நாள் வண்டி மலையில் படுத்தால், ஒரு நாள் டிரிப் காலி. பதினைந்து பேரின் ஒரு நாள் கூலியும் காலி.

சட்டமும் இருக்கிறது. பதிவுச் சான்றில் உள்ள விவரம் மாறும்படி வண்டியைத் திருத்தக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு. புகைச் சான்றிதழும் கையில் இருக்க வேண்டும். புது வண்டியின் இ.சி.யூ.வில் கை வைத்தது தெரிந்தால், இன்ஜின் கோளாறுக்கு வாரன்டி கேட்டு நிற்கும்போது கம்பெனி கையை விரிக்கும். எல்லை தாண்டிக் கேரளாவுக்குள் போகிறவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. அங்கே மாற்றம் செய்த வண்டி என்றால் அதிகாரிகள் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்ப்பார்கள்.

ஆக, ட்யூனர் வேண்டவே வேண்டாமா? வாரன்டி முடிந்த டர்போ டீசல், நல்ல கண்டிஷன், புகை அளவு கூடாமல் பார்த்துச் செய்யத் தெரிந்த ஆள், அதைவிட முக்கியமாகக் கட்டுப்பாடான வலது கால்... நாலும் இருந்தால், இழுவைக்காகப் போடுங்கள். அதனால் டீசலும் கொஞ்சம் மிஞ்சினால் போனஸ் என்று எடுத்துக்கொள்ளுங்கள். டீசல் மிச்சத்துக்காக மட்டும் என்றால், வரிசை இதுதான்: முதலில் நோட்டு, பிறகு டயர் காற்று, பிறகு பிரேக்கும் ஃபில்டரும், பிறகு பம்ப் கடை, பிறகு தேவையில்லாத இரும்பைக் கழற்றுவது. இவ்வளவும் முடித்த பிறகும் பணம் மிச்சமிருந்து, அரிப்பும் மிச்சமிருந்தால், அப்புறம் லேப்டாப்காரரைக் கூப்பிடலாம்.

அநேகமாக, நோட்டின் ஐந்தாவது பக்கத்துக்கு வருவதற்குள் அரிப்பு அடங்கிவிடும்!